புகை மண்டிய அறையும் ஒரு மருத்துவக் கோப்பும்

தேர்தல் என்பது வாக்குச்சாவடியில் தொடங்கி வாக்கு எண்ணும் மண்டபத்தில் முடிவது என்று பள்ளிப் பாடநூல்கள் நமக்குக் கற்பித்திருக்கின்றன. வாக்குச்சீட்டில் யார் பெயர் அச்சேற வேண்டும் என்பதை முடிவு செய்யும் இன்னொரு தேர்தல் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அந்த முதல் தேர்தலுக்குச் சாட்சிகள் குறைவு. அதில் வாக்களிப்பவர்கள் விரலில் மையிட்டுக்கொள்வதில்லை. 1964 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியான ‘தி பெஸ்ட் மேன்’ என்ற கறுப்பு வெள்ளைத் திரைப்படம் அந்த முதல் தேர்தலைப் பற்றியது. கோர் விடால் தம் நாடகத்தைத் தாமே திரைக்கதையாக்கிக்கொடுக்க, ஃபிராங்க்ளின் ஷாஃப்னர் இயக்கினார்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்த இரவில், படம் முடிந்த பிறகும் நாங்கள் கலைந்து போகவில்லை. நாயகன் இறுதியில் செய்தது அறமா, அல்லது அறத்தின் பெயரால் பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொண்டதா என்று விடியும்வரை வாதிட்டோம். தெளிவான முடிவு எதற்கும் வரவில்லை. அந்த வாதத்தின் தொடர்ச்சியாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். படத்தின் கலை நயங்களைவிட, அது எந்த வரலாற்றிலிருந்து எழுந்தது, பிறகு எந்த வரலாறு அதை மெய்ப்பித்தது என்பதே இங்கு நம் அக்கறை.

*

கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு கட்சியின் தேசிய மாநாடு கூடியிருக்கிறது. ஜனாதிபதி வேட்பாளராக இருவர் மோதுகிறார்கள். ஒருவர் வில்லியம் ரஸ்ஸல், முன்னாள் வெளியுறவுச் செயலர். படித்தவர், பண்பாளர், எதையும் முடிவெடுக்குமுன் நூறு முறை யோசிப்பவர். ஹென்றி ஃபோண்டா அந்த வேடத்தில் நடித்தார். மற்றவர் செனட்டர் ஜோ கான்ட்வெல். இளையவர், வேகமானவர், தாம் வெல்வது நாட்டின் நன்மைக்கே என்று ஐயமின்றி நம்புபவர். அவராக நடித்தவர் கிளிஃப் ராபர்ட்சன். இருவருமே வேண்டி நிற்பது முன்னாள் ஜனாதிபதி ஆர்ட் ஹாக்ஸ்டேடரின் ஆசியை. புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கும் அந்தக் கிழவர், சாகுமுன் ஒரு கடைசி ஆட்டம் ஆடிப் பார்க்க வந்திருக்கிறார்.

ரஸ்ஸல் முன்பொரு முறை மனநிலை குலைந்து சிகிச்சை பெற்றவர். அந்த மருத்துவக் கோப்பு கான்ட்வெல்லின் கையில் சிக்கியிருக்கிறது. மாநாட்டுப் பிரதிநிதிகளிடையே அதைப் பரப்புவேன் என்கிறார். அதேநேரம் ரஸ்ஸலின் ஆட்களுக்கும் ஓர் ஆயுதம் கிடைக்கிறது. போர்க்காலத்தில் கான்ட்வெல்லோடு ஒரே முகாமில் இருந்த ஒருவர், அவருக்கு ஓரினச்சேர்க்கைத் தொடர்பு இருந்தது என்று சொல்ல முன்வருகிறார். அது உண்மையா என்பது வேறு விஷயம். அதைப் பயன்படுத்து என்று எல்லோரும் ரஸ்ஸலை நெருக்குகிறார்கள். அவர் தயங்குகிறார். கடைசியில் அந்த ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, தம் பிரதிநிதிகளை மூன்றாவது மனிதர் ஒருவருக்கு மாற்றிவிட்டுப் போட்டியிலிருந்து விலகுகிறார். அதுவரை எவரும் பொருட்படுத்தாத ஆளுநர் மெர்வின் வேட்பாளராகிறார்.

இதில் நுட்பமான இடம் ஹாக்ஸ்டேடருடையது. உண்மையில் அவர் கான்ட்வெல்லை ஆதரிக்கும் எண்ணத்தோடுதான் வந்திருந்தார். இதை ஊகிக்கத் தெரியாத கான்ட்வெல், அவசரப்பட்டு மருத்துவக் கோப்பை அவர் முன் நீட்டிவிடுகிறார். கிழவருக்கு ஈவிரக்கமற்ற தன்மைமேல் வெறுப்பில்லை. எதிரே இருக்கும் மனிதனை அளக்கத் தெரியாத மடமையைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அதேபோல் ரஸ்ஸலின் தயக்கத்தையும் அவரால் மதிக்க இயலவில்லை. ஒருவனிடம் மனசாட்சி இல்லை, மற்றவனிடம் மனசாட்சியைத் தவிர வேறெதுவும் இல்லை என்ற நிலையில் அவர் இறந்துபோகிறார். லீ டிரேசி மேடையில் ஏற்ற அதே வேடத்தைத் திரையிலும் ஏற்று, துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்.

*

இப்படியொரு கதையை எழுதக் கோர் விடாலுக்குத் தகுதி இருந்தது. அவருடைய தாய்வழிப் பாட்டனார் தாமஸ் கோர், ஓக்லஹோமா மாநிலத்தின் செனட்டர். பார்வையற்ற அந்தப் பெரியவருக்குப் படித்துக்காட்டி வளர்ந்த சிறுவன், அரசியலின் அந்தரங்க மொழியைச் செவிவழியாகவே கற்றுக்கொண்டான். ஜாக்குலின் கென்னடிக்கும் விடாலுக்கும் வெவ்வேறு காலத்தில் ஒரே மனிதர் மாற்றாந்தந்தையாக இருந்தார் என்பதால் கென்னடி குடும்பத்தின் உட்கூடத்திலும் அவருக்கு இடமிருந்தது. நாடகம் 1960 மார்ச் 31 அன்று நியூயார்க்கில் மேடையேறி 520 காட்சிகள் ஓடியது. அதே ஆண்டில் விடால் நியூயார்க் மாநிலத்தில் காங்கிரஸ் உறுப்பினர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று தோற்றார்.

கதைமாந்தரின் மூலங்களைக் கண்டுகொள்வது அன்றைய பார்வையாளர்களுக்குக் கடினமாக இல்லை. ரஸ்ஸலில் அட்லாய் ஸ்டீவன்சனின் சாயல் உண்டு. ஹாக்ஸ்டேடரின் வெளிப்படையான கிராமத்துப் பேச்சு ஹாரி ட்ரூமனுடையது. கான்ட்வெல்லில் ரிச்சர்ட் நிக்ஸனும் ஜோசப் மெக்கார்த்தியும் கலந்திருக்கிறார்கள். கென்னடி சகோதரர்களின் வேகமும் உடனிருக்கிறது. திரையில் கான்ட்வெல்லாக வந்த கிளிஃப் ராபர்ட்சன் அதற்கு முந்தைய ஆண்டுதான் இன்னொரு படத்தில் இளம் கென்னடியாக நடித்திருந்தார் என்பதும், இயக்குநர் ஷாஃப்னர் 1962இல் ஜாக்குலின் கென்னடி வெள்ளை மாளிகையைச் சுற்றிக்காட்டிய புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியை இயக்கியவர் என்பதும் வரலாற்றின் குறும்புகள்.

இதைவிடக் கூர்மையான குறும்பொன்றும் உண்டு. மேடையில் ரஸ்ஸலாக நடித்து டோனி விருது பெற்றவர் மெல்வின் டக்ளஸ். அவருடைய மனைவி ஹெலன் கஹகன் டக்ளஸ் 1950இல் கலிஃபோர்னியாவில் செனட் பதவிக்கு நின்றபோது, எதிர்த்து நின்ற நிக்ஸன் தரப்பு அவரைக் கம்யூனிஸ்ட் சாயம் பூசி வீழ்த்தியது. இளஞ்சிவப்புத் தாளில் அச்சிட்ட துண்டறிக்கைகள் அந்தத் தேர்தலின் நினைவுச்சின்னங்கள். பத்தாண்டுகள் கழித்து, நிக்ஸன் ஜனாதிபதி வேட்பாளராக நின்ற அதே ஆண்டில், டக்ளஸ் ஒவ்வோர் இரவும் மேடையேறி நிக்ஸன் சாயல் கொண்ட ஒருவனை எதிர்கொண்டார்.

*

கட்சி மாநாடு என்ற அமைப்பை விளக்காமல் மேலே செல்ல முடியாது. இன்று ஜனாதிபதி வேட்பாளரை மாநிலந்தோறும் நடக்கும் உட்கட்சித் தேர்தல்களே பெரிதும் முடிவு செய்துவிடுகின்றன. மாநாடு வெறும் முடிசூட்டு விழா. அன்று அப்படியில்லை. உட்கட்சித் தேர்தல்கள் சில மாநிலங்களில்தான் நடந்தன. பெரும்பாலான பிரதிநிதிகள் மாநிலக் கட்சித் தலைவர்களின் கைக்குள் இருந்தார்கள். எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் மீண்டும் மீண்டும் வாக்கெடுப்பு நடக்கும். இரண்டு வாக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஹோட்டல் அறைகளில் பேரம் நடக்கும். நாம் குதிரை பேரம் என்று சொல்வது அங்கே ஒரு மரபாகவே நிலைபெற்றிருந்தது.

அந்த மரபுக்குப் பெயர் தந்தது 1920ஆம் ஆண்டு சிகாகோ. குடியரசுக் கட்சி மாநாட்டில் லியனார்ட் வுட், ஃபிராங்க் லோடன் இருவரும் ஒருவரையொருவர் தடுத்துக்கொண்டு நின்றார்கள். பிளாக்ஸ்டோன் ஹோட்டலின் ஓர் அறைத்தொகுதியில் கட்சிப் பெரியவர்கள் நள்ளிரவு தாண்டியும் கூடிப் பேசினார்கள். மறுநாள், பத்தாவது வாக்கெடுப்பில், ஓஹயோ செனட்டர் வாரன் ஹார்டிங் வேட்பாளரானார். ‘புகை மண்டிய அறை’ என்ற தொடர் பத்திரிகைச் செய்தி வழியாக மொழிக்குள் நுழைந்தது அப்போதுதான். அந்த அறையில் உண்மையில் எவ்வளவு முடிவானது என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் படிமம் நிலைத்துவிட்டது.

அன்றிரவு ஹார்டிங்கை அழைத்து, உங்கள் வாழ்வில் மறைக்க வேண்டியது ஏதும் உண்டா என்று கேட்டார்கள் என்றும், சிறிது நேரம் தனியே யோசித்துவிட்டு இல்லை என்று அவர் சொன்னார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, மறைக்க வேண்டியவை இருந்தன. அவர் தம் காதலி ஒருவருக்கு எழுதிய கடிதங்கள் 2014இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. இன்னொரு பெண்ணோடு அவருக்கு ஒரு மகள் பிறந்ததை 2015இல் மரபணுச் சோதனை உறுதி செய்தது. ‘தி பெஸ்ட் மேன்’ படத்தின் இரு கருக்களான அறையும் கோப்பும் 1920லேயே ஒன்றாக இருந்தன என்று சொல்லலாம்.

நான்காண்டுகள் கழித்து ஜனநாயகக் கட்சியின் முறை. 1924இல் நியூயார்க்கில் கூடிய மாநாட்டில் ஆல் ஸ்மித்தும் வில்லியம் மெக்காடூவும் விட்டுக்கொடுக்காமல் மோதினார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற அன்றைய விதியால் வாக்கெடுப்பு நூறைத் தாண்டியது. 103ஆவது சுற்றில், இருவரும் ஒதுங்கிய பின், ஜான் டேவிஸ் என்ற வழக்கறிஞர் வேட்பாளரானார், தேர்தலில் தோற்றார். ஆளுநர் மெர்வினின் முன்னோர்கள் இவர்களே. இரண்டு யானைகள் மோதும்போது நடுவே ஒரு முயல் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது.

இங்கு ஓர் எதிர்வாதத்தையும் பதிவு செய்ய வேண்டும். அறைகள் ஹார்டிங்குகளை மட்டும் தரவில்லை. 1944இல் ரூஸ்வெல்ட்டின் உடல்நிலையை அறிந்த கட்சிப் பெரியவர்கள், துணை ஜனாதிபதி ஹென்றி வாலஸை அகற்றிவிட்டு ட்ரூமனைக் கொண்டுவந்தார்கள். 82 நாள் துணை ஜனாதிபதியாக இருந்தபின் அவர் ஜனாதிபதியானார். இன்று அவரைச் சிறந்த ஜனாதிபதிகளில் ஒருவராக மதிப்போர் பலர். 1952இல் எஸ்டெஸ் கிஃபாவர் 15 உட்கட்சித் தேர்தல்களில் 12இல் வென்றும், மூன்றாம் சுற்று வாக்கெடுப்பில் ஸ்டீவன்சனே வேட்பாளரானார். மக்கள் தேர்ந்தவரைப் புறந்தள்ளியே அறை அந்தப் பண்பாளரைத் தேர்ந்தெடுத்தது. இரு பெருங்கட்சிகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கெடுப்பு நடந்த கடைசி மாநாடு அதுதான். ஆகவே விடால் 1960இல் நாடகமாக்கியது மறைந்துகொண்டிருந்த ஓர் உலகத்தை.

*

1960 ஜூலையில், நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே, ஜனநாயகக் கட்சி லாஸ் ஏஞ்சலஸில் கூடியது. மாநாடு முன்கூட்டியே முடிவுகட்டப்பட்டுவிட்டது என்று சாடி, பிரதிநிதிப் பொறுப்பைத் துறந்து வராமலே இருந்துவிட்டார் ட்ரூமன். ஸ்டீவன்சனுக்காகப் பார்வையாளர் மாடம் அதிர்ந்தது. ஆனால் பிரதிநிதிகள் கென்னடியிடம் இருந்தார்கள். முதல் சுற்றிலேயே 806 வாக்குகள் பெற்று கென்னடி வென்றார்.

நம் கவனத்துக்குரியது அதற்குச் சில நாள் முந்தைய நிகழ்ச்சி. ஜூலை 4 அன்று, லிண்டன் ஜான்சனை ஆதரித்த ஜான் கானலியும் இந்தியா எட்வர்ட்ஸும் கென்னடிக்கு அடிசன் நோய் இருக்கிறது என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார்கள். கென்னடி தரப்பு மறுத்தது. நோய் இருந்தது உண்மை என்பது பின்னாளில் மருத்துவ ஆவணங்களால் தெளிவாயிற்று. வேட்பாளரின் நோயை மாநாட்டு வாசலில் ஆயுதமாக்கும் காட்சியை விடால் மேடையேற்றி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

மற்ற ஆயுதத்தின் வரலாறு இன்னும் கொடியது. 1953இல் ஐசனோவர் பிறப்பித்த ஆணைக்குப் பின், ஓரினச்சேர்க்கையாளர் என்ற ஐயத்தின்பேரில் பல அரசு ஊழியர்கள் வேலையிழந்தார்கள். வயோமிங் செனட்டர் லெஸ்டர் ஹன்ட்டின் மகன் அத்தகைய குற்றச்சாட்டில் கைதானதை வைத்து, மீண்டும் போட்டியிடாதே என்று எதிர்க்கட்சியினர் தந்தையை மிரட்டினர். 1954 ஜூனில் ஹன்ட் தம் செனட் அலுவலகத்தில் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். ரஸ்ஸலின் தயக்கத்தை வெறும் கோழைத்தனமாகப் பார்ப்பவர்கள் இந்த மரணத்தை நினைவில் கொள்ள வேண்டும் என்று எங்களில் ஒருவர் அன்றிரவு சொன்னார். 1948இலேயே ஓரினக் காதலை மையமாகக் கொண்ட நாவலை எழுதி எதிர்ப்பைச் சந்தித்தவர் விடால். தம் பண்பாளனின் கையில் அவர் வேண்டுமென்றே அந்தக் கத்தியை வைத்துப் பார்த்தார். தாராளவாதிக்கும் அது கூசாமல் கைவருமா என்பதே சோதனை.

*

படத்துக்குப் பின் வந்த பத்தாண்டுகள் படத்தைவிட விசித்திரமானவை. 1964இல், படம் வெளிவந்த சில மாதங்களில், குடியரசுக் கட்சியின் பேரி கோல்ட்வாட்டர் மனநலம் உடையவரா என்று ஒரு பத்திரிகை 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கேள்வி அனுப்பியது. பதிலளித்த 2,417 பேரில் 1,189 பேர், அவரை நேரில் பார்க்காமலேயே, ஜனாதிபதி பதவிக்குத் தகுதியற்றவர் என்றார்கள். கோல்ட்வாட்டர் வழக்குத் தொடுத்து வென்றார். நேரில் பரிசோதிக்காத பொதுமனிதர் எவரைப் பற்றியும் மனநல மருத்துவர்கள் கருத்துரைக்கக் கூடாது என்ற தொழில் நெறி 1973இல் பிறந்தது.

1968 ஜூனில், படத்தின் ஹோட்டல் காட்சிகள் எடுக்கப்பட்ட அதே அம்பாசடர் ஹோட்டலில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோவில், ஓர் உட்கட்சித் தேர்தலில்கூட நிற்காத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வேட்பாளராக, வெளியே தெருவில் போலீசார் இளைஞர்களை அடித்து நொறுக்கினார்கள். அந்தத் தெருவில் கேமராவோடு நின்றவர்களில் ஒருவர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர். ‘தி பெஸ்ட் மேன்’ படத்தின் ஒளிப்பதிவாளர் அவரே. தாம் இயக்கிய ‘மீடியம் கூல்’ படத்துக்காக அங்கே வந்திருந்தார். நான்காண்டுகளில் ஒரே கலைஞனின் கேமரா, மூடிய அறையிலிருந்து கண்ணீர்ப்புகை சூழ்ந்த தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அமெரிக்க அரசியலின் ஒரு திருப்பத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் வாழ்க்கைக் குறிப்பு வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

சிகாகோவின் வெட்கத்திலிருந்து ஒரு சீர்திருத்தக் குழு பிறந்தது. ஜார்ஜ் மெக்கவர்ன் அதன் முதல் தலைவர். பிரதிநிதிகளைத் திறந்த முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற அக்குழுவின் விதிகளால் உட்கட்சித் தேர்தல்கள் பெருகின. அறையின் சுவர்கள் இடிந்தன. அந்தப் புதிய விதிகளின்கீழ் 1972இல் வேட்பாளரானவரும் மெக்கவர்னே. அவர் துணை ஜனாதிபதி வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த செனட்டர் தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்காக மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்தவர், மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்பது சில நாட்களில் வெளியாயிற்று. முதலில் ஆயிரம் சதவீதம் அவர் பக்கம் நிற்பதாகச் சொன்ன மெக்கவர்ன், சில நாட்களிலேயே அவரை விலக வைத்தார். நவம்பரில் 49 மாநிலங்களை இழந்தார். அறையை உடைத்த மனிதரைக் கோப்பு உடைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததோ இன்னும் நேரடியானது. 1971 செப்டம்பரில், பென்டகன் ஆவணங்களை வெளியிட்ட டேனியல் எல்ஸ்பர்க்கின் மனநல மருத்துவரது அலுவலகத்தை இரவில் உடைத்து, அவருடைய கோப்பைத் தேடினார்கள் வெள்ளை மாளிகை ஏவிய ஆட்கள். அன்று வெள்ளை மாளிகையில் இருந்தவர் ரிச்சர்ட் நிக்ஸன். கான்ட்வெல்லின் மூலங்களில் ஒருவர், கற்பனைக் கான்ட்வெல் செய்ததைப் பதினோர் ஆண்டுகள் கழித்துத் தம் ஆட்கள் வழியே அரங்கேற்றிவிட்டார்.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறோம். ரஸ்ஸல் வேடத்துக்கு ரொனால்ட் ரீகன் பெயர் பேசப்பட்டபோது, ஜனாதிபதிக்குரிய முகக்களை இல்லை என்று மறுக்கப்பட்டதாக ஒரு கதை உலவுகிறது. விடால் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவர். 1980இல் சிரித்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

*

அறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1984 தேர்தல் முதல் கட்சிப் பெரியவர்களுக்குத் தனி வாக்குரிமை தரப்பட்டு, 2018இல் முதல் சுற்றுக்கு மட்டும் அது பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 2024 ஜூலை 21 அன்று ஜோ பைடன் போட்டியிலிருந்து விலக, உட்கட்சித் தேர்தலில் வேட்பாளராக நிற்காத கமலா ஹாரிஸ் சில வாரங்களில் வேட்பாளரானார். மாநாடு உண்மையிலேயே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாடாக மாறுமா என்ற பேச்சு அந்நாட்களில் எழுந்து அடங்கியது. அப்போதும் மையத்தில் இருந்தது ஒரு வேட்பாளரின் உடலும் மனமும் பற்றிய கேள்விதான் என்பதை மறப்பதற்கில்லை.

இனி எங்கள் பழைய வாதத்துக்கு வருவோம். ரஸ்ஸல் செய்தது சரியா? அவர் கோப்பை எடுத்திருந்தால் கான்ட்வெல்லை வென்றிருக்கலாம். ஆனால் வெற்றி பெற்றது இரண்டாவது கான்ட்வெல்லாக இருந்திருக்கும். அவர் விலகியதால் கான்ட்வெல் தோற்றார். நாட்டுக்குக் கிடைத்ததோ யாரென்றே தெரியாத ஒருவர். அந்த மெர்வின் ஹார்டிங்காகவும் ஆகலாம், ட்ரூமனாகவும் ஆகலாம். விடால் நமக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லாததே அவருடைய நேர்மை என்று இப்போது நினைக்கிறோம்.

அன்று நாங்கள் கேட்க மறந்த கேள்வி வேறு. ரஸ்ஸலின் நோய் ஏன் ஆயுதமாக முடிந்தது? அதைக் கேட்டால் பிரதிநிதிகள் அஞ்சுவார்கள் என்று கான்ட்வெல்லுக்குத் தெரிந்திருந்தது. அந்த அச்சம் அறைக்குள் இருந்த சிலருடையது அல்ல. வெளியே இருந்த எல்லோருடையது. அறையின் கதவை விதிகளால் திறக்க முடிந்தது. கோப்பின் வலிமை, அதைப் படிக்கக் காத்திருக்கும் கண்களில் இருந்தது. விலக்கப்பட்ட ஈகிள்டனை மிசௌரி மக்கள் மீண்டும் செனட்டுக்கு அனுப்பினார்கள். 1987வரை அவர் அங்கே பணியாற்றினார். தம்மை அறிந்தவர்கள் நடுவில் அவருடைய கோப்பு வெறும் தாளாகிவிட்டது.

அம்பாசடர் ஹோட்டல் இடிக்கப்பட்டுவிட்டது. மாநாட்டுக் காட்சிகள் எடுக்கப்பட்ட விளையாட்டரங்கமும் 2016இல் தரைமட்டமாயிற்று. சிகாகோவின் பிளாக்ஸ்டோன் ஹோட்டல் மட்டும் இன்னும் விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருக்கிறது. இப்போது அங்கே புகைபிடிக்க அனுமதி இருக்காது.